இல்லாத நோயை விரட்டியவர்

ஒளிக்கையார் தொட்டால் எச்.ஐ.வி. ஓடிவிடுமாம். ஊரே சொன்னது. ஊரே சொன்ன பிறகு யோசனை எதற்கு? மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகையில் நிற்க இடமில்லை.

மேடையில் ஒரு லாரி டிரைவர். போன மாதம் எல்லார் முன்னாலும் அவர் விரலில் குத்தி, சோதனை அட்டையில் ரத்தம் விட்டார்கள். இரண்டு கோடு. நோய்! ஒளிக்கையார் அவர் தலையில் கை வைத்தார். இன்றைக்கு ஆய்வகச் சான்றிதழே வந்துவிட்டது: ரத்தத்தில் கிருமி இல்லை. கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்! மாத்திரை தின்பவன் என்னை நம்பாதவன்!" என்று முழங்கினார் ஒளிக்கையார்.

கூட்டத்தில் இருந்த பெயின்டர் ஒருவன், எச்.ஐ.வி. நோயாளி, தன் மாத்திரையை ஏற்கெனவே எறிந்துவிட்டான். இப்போது காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அக்கா, பஸ் கண்டக்டர். கெஞ்சியும் திட்டியும் பார்த்து ஓய்ந்தவள், எழுந்து நின்றாள்.

"ஐயா, அன்னிக்கு மாதிரியே அட்டையில இன்னொரு தடவை பாருங்களேன்."

"அதான் சான்றிதழ் இருக்கேம்மா!"

"இருக்கட்டும். நோயைக் காட்டின அட்டை குணமானதையும் காட்டட்டுமே."

கூட்டம் "ஆமா, ஆமா" என்றது. அதிசயத்தை இரண்டாவது ஆட்டம் பார்க்க யாருக்குக் கசக்கும்?

குத்தினார்கள். இரண்டு கோடு. பளிச்சென்று.

ஒளிக்கையார் அசருகிற ஆளா? "பாவி! மனதுக்குள் என்னைச் சந்தேகப்பட்டாய். நோய் திரும்பிவிட்டது!"

முன்வரிசை அப்படியே பின்வாங்கியது. தொட்டால் ஒட்டாத நோய்தான். ஆனால் தொட்டால் ஓடும் என்று நம்புகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? டிரைவரின் மாமனார் விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார். டிரைவர் அலறினார்.

"மாமா, நில்லுங்க! எனக்கு நோயே கிடையாது! என்னிக்குமே கிடையாது! எச்.ஐ.வி.க்குப் புதுசா தடுப்பூசி சோதிச்சுப் பாக்குறாங்கன்னு நானாப் போய்ப் போட்டுக்கிட்டேன். அதுல உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும், அதைப் பாத்துட்டு அட்டை ரெண்டு கோடு காட்டலாம், பயப்படாதீங்கன்னு அங்கேயே சொன்னாங்க. அட்டை கிருமியைத் தேடாதாம். இதைக் கேட்டுத்தான் இவரு என்னை மேடை ஏத்துனாரு!"

எல்லார் தலையும் ஒளிக்கையார் பக்கம் திரும்பியது.

"அப்ப இல்லாத நோயை விரட்டுனீங்க," என்றாள் அக்கா. "இருக்கிற நோய்க்காரன் மாத்திரையையும் சேத்து விரட்டிட்டீங்களே!"

ஒளிக்கையார் பின்கதவைத் தேடினார். கூட்டம் அவருக்கு முன்பே அங்கே போய் நின்றது.

"அக்கா, ஆஸ்பத்திரியில திட்டுவாங்களா?"

"திட்டட்டும். மாத்திரையும் குடுப்பாங்கல்ல? எந்திரிடா."

வெளியே வந்தபோது இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள்: "இவரு சரியில்லப்பா. பக்கத்து ஊர்ல ஒருத்தர் ஊதியே குணமாக்குறாராம்!"

ஊசியில் போவது கிருமியின் வெறும் சாயல். அதை வைத்தே உடம்பு எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறது. அசல் போலிகளையே வரிசையாகப் பார்த்தும் கண்டுகொள்ளாத மூளைக்கு எந்த ஊசி போடுவது?