இடதை அளந்தால் வலது தெரியும்

வயது நாற்பத்தெட்டு, கடைசி வரிவரை வாசித்த செய்திகள் பூஜ்யம். இந்த இனத்துக்குத் தலைப்பு மேதை என்று பெயர். எல்லா ஊரிலும் உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கிடைத்த உருப்படி வீரராகவன். கார் கதவுக்குக் கீல் செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர்.

காலை ரயிலில் செல்போனைத் தள்ளித் தள்ளி, தலைப்புகளை மட்டும் விழுங்கி, பொன்னேரி வருவதற்குள் எதிர் சீட்டுக்காரருக்கு வகுப்பெடுத்து, "மேட்டரு இவ்ளோதான்" என்று முடித்துவிடுவார். எதிர் சீட்டுக்காரர் கேட்டாரா? அது யாருக்கு வேண்டும்?

ஒரு செவ்வாய்க்கிழமை சிக்கியது குவாண்டம் பின்னல். ராட்சத இயந்திரத்தில் புரோட்டான்களை மோதவிட்டால் ஜோடியாகப் பிறக்கும் டாப் குவார்க் என்ற துகள்கள் பின்னிக் கிடக்கின்றனவாம். ஒன்றின் சுழற்சியை அறிந்தால் மற்றதையும் சொல்லலாமாம். வீரராகவனுக்கு அதுவே தாராளம்.

அன்று எண்ணூறு ஜோடி கீல்கள் லாரி ஏற வேண்டும். இன்னொரு முறை சரக்கு திரும்பினால் கையெழுத்து அதிகாரம் போய்விடும் என்று மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வீரராகவன் இடது கீல்களை மட்டும் அளந்தார். பரிசோதனைப் படிவத்தில் வலதுக்கும் அதே எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், ரைட் சைடு ஒண்ணுகூடத் தொடலையே," என்றாள் பக்கத்து மேசை கல்பனா.

"ஜோடியாப் பொறந்ததும்மா. இத்த அளந்தா அது தன்னால தெரியும். சயின்ஸ்ல ப்ரூவ் பண்ணிக்கீறாங்க. சும்மா பேஜாரு பண்ணாத."

கல்பனா அவர் செல்போனை வாங்கி, அவர் ஒருநாளும் போகாத இடத்துக்குப் போனாள்: தலைப்புக்குக் கீழே. அந்தத் துகள்கள் பிறந்த கணமே சிதைந்துவிடுமாம். இரண்டிலிருந்தும் தெறித்தவை எந்தத் திசையில் பறந்தன என்று எக்கச்சக்கமான மோதல்களில் அளந்து, ஒப்பிட்ட பிறகே விஞ்ஞானிகள் வாயைத் திறந்தார்களாம்.

"அவங்களே ரெண்டு பக்கமும் அளந்துகினுதான் சார் சொல்லிக்கீறாங்க. நம்ம கீலு ரெண்டும் வேற வேற அச்சு. ரைட்டு அச்சு தேஞ்சு கெடக்குது."

"அது வேற, இது வேற," என்றார் வீரராகவன். எது வேற? அதைச் சொல்வதற்குள் லாரி வாசலைத் தாண்டிவிட்டது.

சிரிக்காதீர்கள். குவாண்டம் பின்னலைப் பற்றி இப்போது உங்களுக்கும் நாலு வரி தெரியும். நாளை ரயிலில் உங்கள் எதிரே யாரோ வந்து உட்காரத்தான் போகிறார்.

வெள்ளிக்கிழமை எண்ணூறு வலது கீல்களும் திரும்பி வந்தன. சனியும் ஞாயிறும் வீரராகவன் ஒவ்வொன்றாக அளக்கிறார். திங்கள் முதல் படிவத்தில் கையெழுத்து கல்பனாவுடையது.