பாலுக்கும் புதுமைக்கும் நடுவே ஓர் இடைவெளி

எங்கள் சேனலின் சின்னம் ஒரு பசு மாடு. தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்குமான சேனலுக்கு எதற்குப் பசு மாடு என்று கேட்காத ஆளில்லை. போன மாதம் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் வரலாற்றை எழுதிக்கொள்ள வந்திருந்தார். எந்த நிறக் கன்றுக்கும் பேதம் பார்க்காமல் பால் தரும் தாய்மையின் குறியீடுதானே இது என்று அவரே கேட்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். (அவர் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பாவம்.)

இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பசு வந்தது ஓர் அச்சுப் பிழையால். அதிலும் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவில் ஓர் இடைவெளி மட்டும் கூடுதலாக விழுந்துவிட்டது.

இன்று யூடியூபில் இருக்கும் எங்கள் சேனல், ஒரத்தநாட்டுப் பக்கம் உள்ளூர் கேபிள் டிவியில் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வரும் அரைமணி நேர நிகழ்ச்சியாகத்தான் தொடங்கியது. தொடங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பவானி அக்கா, தரங்கம்பாடியில் தையல் கடை வைத்திருக்கும் திருநங்கை. யாருக்கும் பயப்படாதவர். மற்றவன் நான். யாரைப் பார்த்தாலும் பயப்படுகிறவன்.

என் தொழில் குரல். எங்கள் பக்கத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனால் அதில் கேட்பது பெரும்பாலும் என் குரல்தான். துணிக்கடைத் தள்ளுபடி, உரக்கடைத் திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாமே நான்தான். அதனால்தான் பவானி அக்கா என்னைப் பிடித்தார். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது அப்போது அவருக்கும் இன்னும் மூன்று நண்பர்களுக்கும் மட்டுமே தெரியும். வீட்டில் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். அக்கா முகம் காட்டிப் பேசுவார். நான் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் விளக்கு வைத்து, வெறும் நிழலாக உட்கார்ந்து பேசுவேன். யாருக்கும் அடையாளம் தெரியாது. (பத்து ஊருக்குத் தெரிந்த குரலை வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் மறைத்த அறிவாளியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.)

நிகழ்ச்சிக்குப் 'பால்புதுமையர் நேரம்' என்று பெயர் வைத்தோம். ஆண், பெண் என்ற வழக்கமான கட்டங்களுக்குள் அடங்காத எங்களைப் போன்றவர்களுக்குத் தமிழில் இருக்கும் சொல் அது. கேபிள் சேனல் நடத்தும் மதியழகன் அண்ணனிடம் போனில் சொன்னோம். "நல்ல விசயம். ஊருக்கு உபயோகமானது. பண்ணுங்க" என்றார். இவ்வளவு முற்போக்கான மனிதரா என்று எனக்குக் கண் கலங்கியது.

அந்த வாரம் முழுவதும் பயத்தில் நான் டிவி பக்கமே போகவில்லை. ஆனால் அப்பா தினமும் சாப்பிடும்போது, "சனிக்கெழம அஞ்சரைக்கி டிவில ஒன்னு பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவையும் உட்காரச் சொன்னார். விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறார் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை மதியம் கிளம்பும்போது டிவி ரிமோட்டை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ரிமோட் இல்லாமல் அந்தப் பெட்டியை உயிர்ப்பிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மதியழகன் அண்ணன் வீட்டு மாடிதான் ஸ்டுடியோ. உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்கப் பசு மாடு. நெற்றியில் பொட்டோடு என்னையே பார்த்தது. மேசை மேல் ஒரு செம்பு நிறையப் பால். பசுவுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'பால் புதுமையர் நேரம்'. கீழே, 'வழங்குவோர்' என்று ஒரு மாட்டுத் தீவனக் கடையின் பெயர். ஒரு வாரமாக இதுதான் டிவியில் விளம்பரமாக ஊரெல்லாம் ஓடியிருக்கிறது.

"என்னண்ணே, மாடு?" என்றேன்.

"பால் நிகழ்ச்சிக்கு மாடு இல்லாம? அடுத்த வாரம் எருமையும் போட்டுருவோம்."

பவானி அக்காதான் முதலில் புரிந்துகொண்டார். தலையில் வைத்த பூ நழுவி விழும்வரை சிரித்தார். பிறகு, "அண்ணே, இது கறக்குற பால் இல்லண்ணே. ஆண்பால் பெண்பால்னு சொல்றோமே, அந்தப் பால். எங்களப் பத்தின நிகழ்ச்சி" என்றார்.

அண்ணன் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். "தீவனக் கடக்காரருக்கு நான் என்னங்க பதில் சொல்லுவேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நேரலைக்கு இரண்டு நிமிடம்தான் இருந்தது. "சரி, பேசுங்க. மனுசங்க விசயந்தானே. ஆனா போன் வரணும். மூணு போனாவது வரலன்னா அடுத்த வாரத்துலேர்ந்து இந்த நேரத்த மூலிகை எண்ணெக்காரருக்குக் குடுத்துருவேன்" என்றார்.

வேட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். விளக்குச் சூட்டில் வியர்த்து ஊற்றியது. வாரக்கணக்கில் மனப்பாடம் செய்த முன்னுரை ஒரு வார்த்தைகூட நினைவில்லை. வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் ஆட்டோ பேசியது.

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் வீட்டிலும் இருக்கலாம், உங்கள் தெருவிலும் இருக்கலாம்! தரத்தில் குறைவில்லாத மனிதர்கள் நாங்கள்! ஒருமுறை பழகிப் பாருங்கள், மறுமுறை நீங்களே தேடி வருவீர்கள்!"

பவானி அக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

முதல் போன் வந்தது. ஓர் அம்மா. கன்று ஈன்று ஒரு மாதமாகியும் மாடு உதைக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். மாட்டுக் கொட்டகையில் வளர்ந்த பவானி அக்கா அசரவில்லை. "மடிக்காம்புல புண்ணு இருக்கான்னு பாருங்கம்மா. வெதுவெதுப்பான தண்ணில கழுவி விட்டுட்டுக் கறங்க. ஒதைக்கிற மாடு வலியிலதான் ஒதைக்கும். மனுசரும் அப்படித்தாம்மா" என்று அங்கிருந்து எங்கள் கதைக்கே வந்து சேர்ந்தார். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அதற்குப் பிறகு போன் செத்துவிட்டது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அக்காவுக்குத் தொண்டை கட்ட, நான் பேச வேண்டியதாயிற்று. இந்தமுறை ஆட்டோ வரவில்லை. பள்ளியில் யாரோடும் சேராமல் இருந்ததை, கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவதை, எல்லாவற்றையும் அந்த வேட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியழகன் அண்ணன் கேமராவுக்குப் பின்னால் ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு போன்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம். நிகழ்ச்சி முடிய எட்டு நிமிடம் இருந்தது.

போன் அடித்தது.

"வணக்கம், பால்புதுமையர் நேரம், சொல்லுங்க" என்றேன்.

"தம்பி, டிவி ரிமோட்ட எங்க வச்ச?"

ஒன்றும் புரியாத பவானி அக்கா, "ஐயா, யாரு பேசுறீங்க? எங்கேர்ந்து?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"அந்தத் தம்பியோட அப்பா பேசுறேம்மா. டீக்கடலேர்ந்து. வீட்டுல ரிமோட்டக் காணும்."

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அப்பா பேசினால் எழுந்து நின்று பழக்கம். வேட்டி கட்டிய கயிறு தோளில் மாட்டி, திரை, ஆணி எல்லாம் என்னோடு வந்துவிட்டன. தலையில் வேட்டியும் பின்னால் பசு மாடுமாக, கேபிள் இணைப்பு உள்ள அத்தனை வீடுகளுக்கும் என் முகம் தரிசனம் தந்தது.

"என் பையில இருக்குப்பா" என்றேன்.

"சரி. முடிச்சுட்டு வா. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்." வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு போன் நிற்கவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன், தன் பெயரைச் சொல்லாமல், "உங்கப்பா உங்கள அடிக்க மாட்டாங்களாண்ணே?" என்று கேட்டான். தெரியவில்லை தம்பி, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. மதியழகன் அண்ணன் மூன்றாவது விரலைத் தாண்டி, கை விரல்களெல்லாம் தீர்ந்துபோய் நின்றார்.

வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அப்பா கொட்டகையில் குந்தி உட்கார்ந்து தாமதமாகப் பால் கறந்துகொண்டிருந்தார். ரிமோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. கை நிறையப் பால்.

"டிவி பாக்கணும்னு சொன்னீங்களே, இந்த நிகழ்ச்சியத்தானாப்பா?"

"பாலப் பத்தின்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு ஒன்று உறைத்தது.

"டீக்கடைல டிவி ஓடிக்கிட்டுதானப்பா இருந்துச்சு. அங்க எதுக்கு ரிமோட்டு?"

அப்பா திரும்பவில்லை. "நீ வாயத் தொறந்ததுமே கடைல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் என்னையே பாத்தானுவ. நீ பாட்டுக்கு ஒத்தைல பேசிக்கிட்டே இருக்க. ஒரு போனும் வரல. போடணும்னு தோணுச்சு. போட்டதும் என்ன கேக்குறதுன்னு தெரியல. வாயில வந்தத கேட்டேன்."

நான் அழுதேன். அப்பா செம்பை என் கையில் கொடுத்து, "உள்ள கொண்டு வையி" என்றார். "நீ பேசுனதுல பாதி எனக்கு வெளங்கல. மாட்டப் பத்தி ஒன் பக்கத்துல இருந்த அம்மா சொன்னது சரி."

அன்றோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினால் பொய். அம்மா ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஜாதகக் கட்டை மூட்டை கட்டி வைக்க அவருக்கு இரண்டு வருடம் ஆனது. உரக்கடைக்காரர் அதன்பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. ஆனால் மாட்டுத் தீவனக் கடைக்காரர், தன் வாழ்நாளில் எந்த விளம்பரத்துக்கும் இத்தனை பேர் கடைக்கு வந்து சிரித்ததில்லை என்று சொல்லி, இன்றுவரை எங்களைத் தாங்குகிறார். பசுவை எடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

டிவி ரிமோட்டை அம்மா மறுநாளே மேசைக் காலோடு கயிறு போட்டுக் கட்டினார். அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. வீட்டில் கத்தரிக்கோல் காணாமல் போனாலும் கண்ணாடி காணாமல் போனாலும், "லைவுல போன் போட்டுக் கேளு" என்பார்கள். என்னோடு இப்போது வசிக்கும் ரவி முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அப்பா அவனிடம் பேசிய முதல் வார்த்தையே, "தம்பி, இவன்கிட்ட ரிமோட்ட மட்டும் குடுத்துராதீங்க" என்பதுதான்.

போனில் இன்னொரு பழக்கமும் வந்துவிட்டது. சொல்லப் பயப்படுகிறவர்கள், பக்கத்தில் ஆள் இருக்கிறவர்கள், என்ன சொல்வதென்றே தெரியாதவர்கள் எங்கள் எண்ணுக்கு அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விடுவார்கள். பிறகு மெதுவாக, "சார், ரிமோட்டு கெடச்சிருச்சா?" என்பார்கள்.

"கெடச்சிருச்சுங்க. நீங்க சொல்லுங்க" என்பேன்.