தினமும் ஒரு டன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம், உங்கள் மாமியாரின் முதுகு நீங்கலாக. அங்கு நீங்களும் என் மகளும், பிறந்து நாற்பது நாளாகியும் நாங்கள் இன்னும் முகம் பார்க்காத பேரனும் நலமென்று நம்புகிறேன்.

கடந்த திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, நமது பிக்கப் வண்டியின் நான்கு ஷாக் அப்சர்பர்களையும் மாற்றிவிடுவது என்று இந்த வீட்டில் ஏகமனதாக முடிவெடுக்கப்பட்டது. ஆலோசனையில் நான் கலந்துகொண்டேன். முடிவு பிறகு உங்கள் மாமியாருக்குத் தெரிவிக்கப்பட்டது. முதுகு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அவர், "பஸ்ல போயிடலாங்க, நாலு மணி நேரம்தானே" என்றார். சொந்த வண்டி வாசலில் நிற்கும்போது பேரனைப் பார்க்கப் பேருந்தில் போவதா? வண்டியோடு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு மூலையை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை எழும்பி நின்றுவிடுமாம். இருபத்திரண்டு வயதான நமது வண்டியோ நான் டீ குடித்து முடிக்கும்வரை ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

"இதுல ஆயில் கசியலை சார்" என்றார் மெக்கானிக். "கசியறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. சரி, எவ்வளவு பாரம் ஏத்துவீங்க? அதைப் பொறுத்துதான் எந்த ஷாக்குன்னு சொல்ல முடியும்."

இத்தனை வருடத்தில் நான் ஏற்றிய அதிகபட்சப் பாரம் ஒரு மர அலமாரி, அதுவும் காலி. ஆனால் ஒரு லாரி ஓட்டுநர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு டன்" என்றேன்.

"தினமுமா?"

"பெரும்பாலும்."

"அப்ப சாதா ஷாக் தாங்காது" என்று சொல்லி, கனரக ஷாக்கையே மாட்டிவிட்டார்.

மறுநாள் வெள்ளோட்டம். உங்கள் மாமியார் முதுகுக்கு இரண்டு தலையணைகளோடு ஏறினார். பாரமில்லாத வண்டியில் புது ஷாக் இம்மியளவும் அசைய மறுத்துவிட்டது. தெருமுனை போவதற்குள் அவர் இருமுறை கூரையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். "ஏங்க, முன்னாடி ஆடுச்சு, இப்ப அடிக்குது. ஆடினதே தேவலையே!" என்று இறங்கியவர், தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே வீடு திரும்பினார்.

நான் வண்டியை மெக்கானிக்கிடமே திருப்பினேன். அவர் காலியான பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "பாரம் எங்க சார்?"

"இன்னைக்கு லீவு."

"ஏத்திப் பாருங்க, பூ மாதிரி போகும்."

சாதா ஷாக்கே மாட்டச் சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் என் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும். லாரி ஓட்டுநர் இன்னும் அங்கேயேதான் இருந்தார்.

ஆகவே ஒரு டன் ஜல்லி வாங்கி ஏற்றியிருக்கிறேன். வண்டி உண்மையிலேயே பூ மாதிரி போகிறது. ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாமியாரை நானே அழைத்து வருகிறேன். வாசலில் வண்டிக்கு இடம் ஒதுக்கி வையுங்கள். ஜல்லியை இறக்கி வைக்கச் சொல்லி உபசாரம் எதுவும் வேண்டாம். திரும்பி வரவும் அது தேவை. பேருந்து, கீருந்து என்று உங்கள் மாமியார் ஃபோனில் ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பேரன் மேடு பள்ளமில்லாத வாழ்வு பெற வாழ்த்தும்,

உங்கள் மாமனார்

பி.கு.: உங்கள் மாமியார் இன்று காலை ஏழு மணிப் பேருந்தில் புறப்படுகிறார். ஜன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது. இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.