ஓம் அண்ணையும் இஸ்பஹான் மத்தியானச் சாப்பாடும்

இந்த ரொறன்ரோ மாநகரத்தில் 'வேண்டாம்' என்ற சொல்லே தெரியாத தமிழர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அந்தச் சொல்லை அவருக்குப் படிப்பித்தவன் நான். வாழ்நாள் முழுவதும் ஆசிரியராக இருந்தவன். என் மாணவர்கள் நான் சொன்னதில் முக்கால்வாசியை வகுப்பை விட்டு வெளியே போகும்போதே மறந்திருப்பார்கள். இவர் மட்டும் நான் சொன்ன ஒரே ஒரு பாடத்தை மறக்கவே இல்லை.

அவருக்குக் கடவுச்சீட்டில் ஒரு பெயர் இருந்தது. எங்கள் ஆட்கள் நெருங்கி வாழும் ஸ்காபரோப் பகுதியில் அவர் ஓம் அண்ணை. எதைக் கேட்டாலும், சிலவேளை கேட்டு முடிவதற்கு முன்பே, 'ஓம்' என்பார். மந்திரம் இல்லை, 'ஆமாம்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் சாதாரண ஓம்.

ஒரு பனிக்காலத்தில் அவருடைய வீட்டு நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தேன். மனைவி இறந்து, மகள் கலியாணம் செய்து போய், அவர் ஒருவர் மட்டும் வாழும் வீடு. அங்கே சுடுதண்ணீர்த் தாங்கி மூன்று நின்றன.

"ஏன் அண்ணை மூண்டு?"

"மூண்டு பொடியள் வந்தவங்கள், மாஸ்ரர். குளிருக்கை நிண்டு கதவைத் தட்டி விக்கிறாங்கள். என்னெண்டு ஏலாதெண்டு சொல்லுறது?"

"அப்ப எதிலை குளிக்கிறியள்?"

"ஒருத்தன் பூட்டினதை மற்றவன் வந்து கழட்டிப்போட்டான். இப்ப பச்சைத் தண்ணிதான்."

இதையாவது சகித்துக்கொள்ளலாம். அழைப்புகள்தான் பெரிய கரைச்சல். எங்கள் ஆட்கள் கடையில் கண்டால், செத்தவீட்டில் கண்டால், "ஒருக்கா வீட்டுப் பக்கம் வாங்கோவன்" என்பார்கள். அது 'வணக்கம்' என்பதற்குக் கொஞ்சம் நீளமான சொல். சொன்னவர் கார்க் கதவைச் சாத்துவதற்குள் அதை மறந்துவிடுவார். ஓம் அண்ணை மறக்கமாட்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய் மணியை அடிப்பார். உள்ளேயிருந்து பிள்ளை கத்தும்: "அம்மா, சம் அங்கிள் இஸ் ஹியர்! வித் பனானாஸ்!" வீட்டுக்காரர் மேல்மாடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். சில வருடங்களில் ஸ்காபரோ முழுவதும் திருந்திவிட்டது. ஓம் அண்ணை பக்கத்தில் நின்றால் யாரும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை.

அப்படிப்பட்ட மனிதரிடம் நானும் வாய் தவறினேன். எங்கள் ஊர்ப் பயண முகவர் ஒருவர் பாரசீகத்துக்கு ஒரு குழுப் பயணம் ஒழுங்கு செய்திருந்தார். ஷிராஸ், பெர்சபோலிஸ், இஸ்பஹான், காஷான். நான் அரை வருடமாகப் புத்தகம் படித்து, அரசர்களின் பெயர்களை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். விளம்பரத் தாளோடு மரக்கறிக் கடையில் நின்றபோது ஓம் அண்ணை எட்டிப் பார்த்தார். மரியாதைக்காக, "நீங்களும் வாறியளோ அண்ணை?" என்றேன்.

"ஓம்."

அப்படித்தான் நாங்கள் இருவரும் ஒரே அறையில் தங்கும் கூட்டாளிகள் ஆனோம். ஆனால் அவருக்கு அந்தப் பயணத்தில் சொந்தமாக ஒரு காரணமும் இருந்தது என்பது விமானத்தில்தான் தெரிந்தது. ஒஷாவாவில் கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்து மெஷினில் பெஹ்ரூஸ் என்ற ஈரான்காரர் வேலை செய்தாராம்.

"ஒவ்வொரு நாளும் வேலை முடிய, 'என்ரை வீட்டை வந்து சாப்பிடு' எண்டுவான். நானும் 'ஓம்' எண்டுவன். ரெண்டு பேரும் ரிட்டையர் ஆகும்வரைக்கும் கூப்பிட்டவன், மாஸ்ரர். அட்ரஸ் மட்டும் தரேல்லை."

"அதுக்கு?"

"உவங்களின்ரை வீட்டிலை ஒரு நேரம் சாப்பிட்டுப் பாக்கோணும். அவ்வளவுதான். கல்லு மண்ணை நீங்கள் பாருங்கோ."

எங்கள் வழிகாட்டி மெஹ்தி என்ற இளைஞர். கனடாக் கடவுச்சீட்டுக்காரர் அங்கே வழிகாட்டி இல்லாமல் சுற்ற முடியாது. ஆகவே மெஹ்தி தாய்க்கோழி போல எங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். மெஹ்தி எதைச் சொன்னாலும் ஓம் அண்ணை "ஓம், ஓம்" என்றார். மிசிசாகாவிலிருந்து வந்திருந்த, கனடாவுக்குப் புதிதான சென்னைத் தம்பதி இதைக் கைகட்டி நின்று கவனித்தார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "சார், உங்க ஃப்ரெண்ட் ஏதாவது தீட்சை வாங்கியிருக்காரா? சாப்பிடும்போதுகூட பிரணவத்தை விடமாட்டேங்கறாரே!" நான் விளக்கவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை அவருக்குத்தான். அதற்கும் அவர் ஓம் என்றார்.

பெர்சபோலிஸில் நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மாளிகைப் படிகளின் பக்கச் சுவரில், ஆட்டுக்குட்டியும் மூடிய பாத்திரமும் ஏந்திப் பணியாட்கள் மேலேறும் வரிசை செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லின் மினுக்கத்தையும் அரசனின் பெருமையையும் நான் விவரித்துக்கொண்டிருக்க, ஓம் அண்ணை முகத்தைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ரெண்டாயிரத்தைஞ்ஞூறு வருசமாச் சாப்பாடு கொண்டு போறாங்கள், மாஸ்ரர். இன்னும் பரிமாறேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் சொற்பொழிவு அதோடு முடிந்தது. பிறகு நான் செய்ததற்கு அந்தக் கோபமும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கலாம்.

இஸ்பஹானில் பழைய பாலம் ஒன்றின் வளைவுகளுக்குக் கீழே, பின்னேரங்களில் வயதான ஆண்கள் கூடிப் பாடுவார்கள். நாங்கள் மேலே நின்று படம் எடுத்தோம். கீழே பார்த்தால் ஓம் அண்ணை அவர்களோடு சப்பணம் கட்டி உட்கார்ந்து, கல்கண்டைக் கடித்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. மெஹ்தி போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"அவர் நாளை மத்தியானம் ஹோட்டலுக்கு வந்து, தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். உங்கள் நண்பர் சம்மதித்துவிட்டார்."

"போகலாமா?" என்று கேட்டேன்.

மெஹ்தி சிரித்தார். "எங்களிடம் தாரோஃப் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மரியாதைக்காகக் கூப்பிடுவோம். கூப்பிடப்பட்டவர் இரண்டு தரம் மறுக்க வேண்டும். மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் அது மனதிலிருந்து வருகிறது. நாளைக்கு அவர் உண்மையிலேயே வந்தால் நானே கூட்டிப்போகிறேன்."

அடுத்த நாள் எங்கள் பஸ் இரண்டு மணிக்குக் காஷானுக்குப் புறப்பட வேண்டும். காஷானுக்குப் பக்கத்தில் ஏழாயிரம் வருடப் பழைய குடியிருப்பின் மேடு ஒன்று இருக்கிறது. அரை வருடமாக நான் கனவு கண்டது அதைத்தான். ஒரு வீட்டு விருந்துக்கு அரை மணி நேரம் தாமதித்தாலும் அங்கே போய்ச் சேர இருட்டிவிடும். அந்தக் கணக்கு என் மனதில் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மத்தியானம் மெஹ்தி பஸ் சாரதியைத் தேடி வெளியே போயிருந்தார். ஓம் அண்ணை மேலே அறையில் குளித்துக்கொண்டிருந்தார். நான் ஹோட்டல் வரவேற்பறையில் இருந்தேன். வெள்ளை மீசைக்காரர் மடிப்புக் குலையாத சட்டையோடு உள்ளே வந்தார். என்னை அடையாளம் கண்டு, நெஞ்சில் கைவைத்து, எங்கேயோ கேட்டுப் பாடமாக்கிய ஆங்கிலத்தில் சொன்னார்: "லன்ச். மை ஹவுஸ். ப்ளீஸ்."

நானும் நெஞ்சில் கைவைத்து, "தாங்க் யூ, நோ" என்றேன்.

"ப்ளீஸ். மை வைஃப் குக்."

"நோ, தாங்க் யூ."

மூன்றாம் தரமும் கேட்டார். மறுத்தேன். நாலாம் தரம் அவர் வாய் திறக்கவில்லை. வாசலில் நின்ற காரைக் கையால் காட்டினார். அதற்குள் ஓர் அம்மாள் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.  அவர் மறுபடி நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு ஓம் அண்ணை இறங்கி வந்தார். எண்ணெய் வைத்து வாரிய தலை, நெற்றியில் திருநீறு, மகள் வாங்கிக் கொடுத்த சட்டை. கையில் கனடாவிலிருந்து உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்த மேப்பிள் மரத்து இனிப்புப் பாணிப் போத்தல்.

"வந்தவரோ, மாஸ்ரர்?"

"வந்திட்டுப் போட்டார், அண்ணை."

"போட்டாரோ? ஏன்?"

நான் வகுப்பெடுத்தேன். "உது உண்மையாக் கூப்பிடுறேல்லை. இவையின்ரை மரியாதை. நாங்கள் ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லோணும். மூண்டாந்தரமும் கேட்டால்தான் உண்மை."

"அப்ப இவர் எத்தினை தரம் கேட்டவர்?"

"ஒருக்கா" என்றேன்.

அவர் சோபாவில் மெல்ல உட்கார்ந்தார். போத்தலை மடியில் வைத்துக்கொண்டார்.

"பெஹ்ரூசும் ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் கேக்கிறவன்."

போத்தலின் மூடியைத் தடவினார்.

"ஸ்காபரோவிலை எங்கடை ஆக்களும் ஒருக்காத்தான் கேக்கிறவை." கொஞ்சம் யோசித்தார். "அப்ப என்னை இவ்வளவு காலமும் ஒருத்தரும் கூப்பிடேல்லை, என்ன மாஸ்ரர்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கார் தெருமுனையைத் தாண்டியிருக்காது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பஸ்ஸில் மெஹ்தியிடம் நடந்ததைச் சாதாரணமாகச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. "ஹோட்டலுக்கே வந்தாரா? மனைவியோடு? சார், அது தாரோஃப் இல்லை. அவர்கள் வீட்டில் விரிப்புப் போட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருப்பார்கள்." இரண்டு இருக்கை முன்னால் ஓம் அண்ணை போத்தலைப் பிடித்தபடி நித்திரை. நான் எழுப்பவில்லை. வெளிச்சம் போகுமுன் காஷான் மேட்டைப் பார்த்தேன். அது ஒரு மண்மேடு.

ரொறன்ரோவுக்குத் திரும்பியதும் ஓம் அண்ணை பாடத்தை நடைமுறைப்படுத்தினார். சுடுதண்ணீர்த் தாங்கி விற்க வந்தவனிடம் "வேண்டாம்" என்றார். அதை நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். பிறகு தேநீர் வேண்டாம் என்றார். கோயிலுக்குக் காரில் ஏற்றிப் போகவா என்று கேட்டால் வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த இரண்டு தரத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? இந்த நகரத்தில் எவருக்கும் மூன்று தரம் கேட்க நேரமில்லை. முதல் தரம் கேட்கும்போதே கார்ச் சாவி கையில் இருக்கிறது. ஸ்காபரோக்காரர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள். வாழைப்பழமும் நின்றது.

அடுத்த வருடம் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. நான் தொலைபேசி எடுத்தேன்.

"நான் வந்து கூட்டிக்கொண்டு போகட்டோ, அண்ணை?"

"வேண்டாம், மாஸ்ரர்."

"இல்லை, நான் வாறன்."

"வேண்டாம், உங்களுக்கேன் கரைச்சல்."

"சரி அப்ப" என்று வைத்துவிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

கூட்டிப்போக ஆள் வராவிட்டால் மருத்துவமனையில் வெளியே விடமாட்டார்கள். ஒரு கண் கட்டோடு பகல் முழுவதும் கதிரையில் இருந்திருக்கிறார். மகள் வேலை முடிந்து, தான் வாழும் விட்பி நகரத்திலிருந்து வந்துதான் கூட்டிப்போனாள். அவள் என்னோடு கதைத்தபோது குரலில் கோபமே இல்லை. "அங்கிள், அப்பா உங்களைப் பற்றித்தான் சொன்னவர். 'மாஸ்ரர் ரெண்டு தரம் கேட்டவர் பிள்ளை, ரெண்டு தரம்' எண்டு." அதை ஒரு பாராட்டைப் போலச் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு மகள் அவரைத் தன்னோடு விட்பிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் போகவில்லை. தூரம், முழங்கால், பனி என்று காரணங்கள் சொல்லிக்கொண்டேன். இந்த வருடந்தான் போனேன். புது வீடுகள் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கும் தெரு. அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். இப்போதெல்லாம் இஸ்பஹான் என்ற பெயர் செய்தியில் நல்லதற்காக வருவதில்லை.

"அந்த மீசைக்காரர் எப்பிடி இருக்கிறாரோ தெரியேல்லை, மாஸ்ரர்" என்றார். "ஒருக்காத்தான் கேட்டவர் எண்டாலும் நல்ல மனிசன்."

"அண்ணை, அவர் ஒருக்கா இல்லை. நாலு தரம் கேட்டவர். மனிசியையும் கூட்டிக்கொண்டு வந்தவர். நான்தான் திருப்பி அனுப்பினனான். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்தார். சுகமான கண்ணாலும் மற்றக் கண்ணாலும்.

"நாலு தரமோ?"

"ஓம்."

"மனிசியுமோ?" அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஒரு வசவுக்காக நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவரோ தொடையில் தட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். "பிள்ளை, கேட்டியே? நாலு தரம் கூப்பிட்டவையாம்!" பிறகு ஏதோ நினைவு வந்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப சமைச்சதெல்லாம் வீணாப் போயிருக்கும், என்ன? பாவங்கள். நீங்களாவது போயிருக்கலாமே, மாஸ்ரர்."

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அண்டைக்கு மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஹோட்டலிலை ஒரு காய்ஞ்ச பாண் துண்டு, அண்ணை."

"ஐயோ" என்றார் ஓம் அண்ணை. எனக்காக வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.