தலை தீபாவளிக்கு வந்த விமானம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
1983, கார்த்திகை மாதம்

வேலூரில் இருக்கும் தங்கை ரேணுகாம்பாளுக்கு அண்ணன் கண்ணாயிரம் ஆசீர்வதித்து எழுதுவது. நாங்கள் சுகம். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை.

எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். சில வரிகள் மேலே ஏறும், சில வரிகள் கீழே இறங்கும். முதியோர் பள்ளியில் படித்து என் கையாலேயே எழுதுகிற முதல் கடிதம் இது. இத்தனை வருஷம் தபால்காரரைக் கொண்டு எழுதியதால் உன்னை ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் திட்டுவதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ பார்த்து முடித்த மாப்பிள்ளை வேணு தலை தீபாவளிக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து நம் சரோஜா ஒரு பையோடு இறங்கினாள். அவர் பஸ் கூரையிலிருந்து ஒரு விமானத்தை இறக்கினார். பொம்மை விமானம்தான், ஆனால் இறக்கையை மாட்டினால் நம் கூடத்தில் சுவருக்குச் சுவர் இடிக்கிறது. துபாயிலிருந்து அவர் நண்பன் கொண்டுவந்த ரேடியோவை அதற்குள் பொருத்திவிட்டால் தரையில் நின்றபடியே ஓட்டலாமாம். ரேடியோ என்றதும் உன் அண்ணி வெள்ளையம்மாள் பாட்டுக் கேட்கப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அது வாயைத் திறக்காத ரேடியோ. அது குலுங்காமல் இருக்க என் தலையணை ஸ்பான்ஜைக் கேட்டார். தலை தீபாவளி மாப்பிள்ளை கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வது, கொடுத்தேன். இறக்கைமேல் ஒட்டப் பட்டுத்துணி வேண்டும் என்று நான் எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியையே வெட்டினார். ஜரிகை இப்போது இறக்கை ஓரத்தில் மின்னுகிறது. "எடுப்பா இருக்குது இல்லீங்களா மாமா?" என்று என்னையே வேறு கேட்டார்.

மூன்று நாளில் கிளம்ப வேண்டியவர். தீபாவளி போய்த் தீபமே வரப்போகிறது. ரேடியோ பொருத்தியாகிவிட்டது, த்ராட்டில்தான் சரிப்படவில்லை. விமானத்தின் வயிற்றில் ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கம்பி. கம்பி நகர்ந்தால்தான் எஞ்சின் வேகம் கூடும், குறையும். கம்பியைப் பிடிக்கிற ஸ்க்ரூவை மாலையில் இறுக்குகிறார், காலையில் தளர்ந்திருக்கிறது. போன வாரம் வீட்டுக்குப் பின்னால் எஞ்சினைக் கிளப்பினார். வேகத்தைக் குறைக்க, கையில் வைத்திருக்கும் ரேடியோப் பெட்டியின் குச்சியை இழுத்தார், எஞ்சின் கேட்கவில்லை. விமானம் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கொடியில் கிடந்த உன் அண்ணியின் புடவையைச் சுற்றிக்கொண்டுதான் நின்றது. பக்கத்து வீட்டு ஜியாவுல்லா மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, இது பறக்கிற வரைக்கும் மருமகன் போகமாட்டாரு. மருமகன் இருக்கிற வரைக்கும் இது பறக்காது. நீங்க வேற தலகாணி பாத்துக்கோங்க" என்றான்.

தலையணை போகட்டும். என் வயிறு எரிவது சரோஜாவுக்காக. ஒரே பெண். விடிந்தால் "சரோ, இதப் புடி", பொழுது சாய்ந்தால் "சரோ, அத வுடு". இதைத் தவிர அவளிடம் அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. விமானத்தைக் கட்டிக்கொண்டவனுக்கு என் பெண்ணை எதற்குக் கட்டிவைத்தாய்? கிளம்புங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நீ சம்பந்தி வீட்டுக்குப் போய், அங்கே யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று ஏதாவது சாக்கு வைத்து மகனைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொல்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. திட்ட இன்னும் பாக்கி இருக்கிறது, கைதான் வலிக்கிறது. மிச்சத்தை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு
அண்ணன் கண்ணாயிரம்

பி.கு.: பிழை பார்க்கச் சரோஜாவிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, "அத்தைய அங்க போக வேணாம்னு எழுதுப்பா" என்றாள். ஏன் என்றதற்குத் தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "தெனமும் அந்த ஸ்க்ரூவ நான்தான் இதால தளத்தி வுடறேன். அங்க மாமியார், நாத்தனார், கொழுந்தன்னு எல்லாருக்கும் ஒரே கூடம். அவரு மொகத்தக்கூட நான் நேரா பாத்ததில்ல. இங்க புடி, வுடுன்னு நாள் பூரா பக்கத்துலயே உக்கார வெச்சிக்கிறாரு" என்றாள். இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, அதனால் அனுப்புகிறேன். ஆனால் நீ சம்பந்தி வீட்டுப் பக்கமே போகாதே. இன்று மாப்பிள்ளை ஸ்க்ரூவை ரொம்பவும் அழுத்தி இறுக்கிவிட்டு, நாளைக்கு விமானம் பறந்ததும் கிளம்பலாம் என்கிறார். இரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். ஊசி மேசைமேலேயே இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது.