தண்டவாளத்தின் மேல் நின்ற உன் கார்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. கப்பலில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அக்காவும் உயிரோடு இருக்கிறோம். இதை மரியாதைக்காக எழுதவில்லை; நேற்றுக் காலை பத்து மணிவாக்கில் இது அவ்வளவு நிச்சயமாக இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் போதும் அத்தான் என்று நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன அந்தச் சிவப்புப் பந்தயக் கார் உன்னைவிட எட்டு வயது மூத்தது. மூன்று வாரமாக அதற்கு உடம்பு சரியில்லை. ஸ்டார்ட் ஆகும், கறுப்பாகப் புகை கக்கும், தெருமுனை வரை இருமிக்கொண்டே போய் நின்றுவிடும். கார்புரேட்டர்தான் என்று நான் முடிவுகட்டினேன். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவனுக்குக் கார்புரேட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று நீ கேட்பாய். உன் அக்காவும் அதையேதான் கேட்டாள். இருந்தாலும் இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி, சாப்பாட்டு மேசையில் வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டினேன். ஒரு சின்னத் திருகு மிச்சமானது. அதைப் பற்றி இப்போது வேண்டாம். எதிர்வீட்டில் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார், தெருவே அவரை பியூஸ் சார் என்றுதான் கூப்பிடும். அவர் வந்து எட்டிப் பார்த்து, "கார்புரேட்டர்ல ஒண்ணுமில்ல சார், கரண்டுதான் கோளாறு. ஸ்டார்ட்டர அழுத்துறப்ப விளக்கு எப்படி மங்குது பாருங்க" என்றார். "கரண்டு எப்படி சார் கறுப்பாப் புகை விடும்?" என்றேன். அதோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது.

நேற்று உன் அக்காவுக்கு வரலாற்றுப் பரீட்சை. ஆமாம், கல்யாணத்துக்காகப் பாதியில் விட்ட பட்டப்படிப்பை ஐம்பத்தெட்டு வயதில் முடிக்கக் கிளம்பியிருக்கிறாள். தேறும்வரை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், அந்தச் சத்தியம் இப்போது போயிற்று. பத்து மணிக்குப் பரீட்சை, பத்தரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பஸ்காரர்கள் அன்றைக்குப் பார்த்து வேலைநிறுத்தம். "தம்பி வண்டிய எடுங்க" என்றாள். "அது நடுவுல நின்னுடும்டி" என்றேன். "நின்னா தள்ளுங்க" என்றாள்.

நின்றது. எங்கே என்று நினைக்கிறாய்? ரயில்வே கேட்டுக்கு நடுவில், சரியாகத் தண்டவாளத்தின் மேல். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி அழுத்தினேன், டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் குமிழைத் தொட்ட உன் அக்கா "ஐயோ, சுடுது!" என்று கையை உதறினாள். அதற்குள் கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. "இறங்கு, இறங்கு!" என்று கத்தினேன். "தம்பி வண்டிய விட்டுட்டா?" என்று அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஹால் டிக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கி என்னோடு சேர்ந்து தள்ளினாள். கார் ஓர் அங்குலம் நகரவில்லை. கேட்கீப்பர் அம்மா கொடியோடு ஓடிவந்து, "கியர்ல போட்டுட்டா தள்ளுவீங்க? நியூட்ரல் பண்ணுங்கய்யா!" என்று அலறினாள். பாய்ந்து கியரை எடுத்தேன். மூவரும் தோள் கொடுத்தோம். கார் உருண்டு அந்தப் பக்கம் இறங்கியது. அந்தம்மா ஓடிப்போய் கேட்டை இறக்கிய இரண்டாவது நிமிடம் எங்கள் முதுகுக்குப் பின்னால் ரயில் போனது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்கா ஹால் டிக்கெட்டை வாயிலிருந்து எடுத்து, "மணி என்ன?" என்றாள். பத்து ஐந்து.

அந்தப் பக்கம் காத்திருந்த லாரியின் டிரைவர் இறங்கிவந்து பானெட்டைத் திறந்தார். "எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எர்த் பட்டை அறுந்து கெடக்கு. கரண்டு திரும்பிப் போக வழியில்லாம சோக் கம்பி வழியாப் போயிருக்கு. கம்பி வெந்து உறையோட ஒட்டிக்கிச்சு, சோக் இழுத்தபடியே நின்னுபோச்சு. அதான் பெட்ரோல் வழிஞ்சு கறுப்பாப் புகையுது" என்றார். "அப்ப கார்புரேட்டரா, கரண்டா?" என்று கேட்டேன். "இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் உன் அக்கா. அவர் சோக் கம்பியைக் கழற்றிவிட்டு, லாரியிலிருந்து ஒரு தடித்த கம்பியைக் கொண்டுவந்து எஞ்சினையும் பாடியையும் இணைத்தார். ஒரே அழுத்து, சிங்கம் மாதிரி உறுமியது. பத்து இருபத்தெட்டுக்கு அவள் கல்லூரிப் படியேறினாள், திரும்பியே பார்க்காமல்.

ஆகவே நீ கரை இறங்கியதும் முதல் வேலையாக வந்து இந்தச் சனியனை ஓட்டிக்கொண்டு போ. இல்லாவிட்டால் வந்த விலைக்குத் தள்ளிவிடுவேன். உன் அக்காவும் இதே கருத்துதான். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு.

ஆசிகளுடன்,
அத்தான்

பி.கு.: உன் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள். அவள் கருத்து என்று நான் எழுதியது அவளைக் கேட்காமல் எழுதியது. அடுத்த பரீட்சை வியாழக்கிழமை. பஸ் ஓடுகிறது, ஆனால் அவள் காரில்தான் போவாளாம். பியூஸ் சார் புது எர்த் பட்டை போட்டுக்கொண்டிருக்கிறார், நான் டார்ச் பிடிக்க வேண்டும். ஆகையால் காரை எடுக்க நீ உடனே வர வேண்டாம். அடுத்த மாதமும் வசதிப்படாது. எம்.ஏ.வுக்கும் விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். அது இரண்டு வருடப் படிப்பாம்.