உள்ளே போன ஸ்பிரிங்

பதினெட்டு மீட்டர் உள்ளே போய்விட்டது. ஸ்பிரிங் இன்னும் மறுபக்கம் தலைகாட்டவில்லை.

ஏணியின் உச்சியில் நின்ற எலக்ட்ரீசியன் சிவபாண்டி, சுவரில் ஏசி மாட்டவேண்டிய இடத்தில் தெரிந்த பைப்பின் வாய்க்குள் அந்த நீளமான இரும்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அது சுவருக்குள்ளேயே போய்க் கீழே சுவிட்ச் பெட்டிக்குள் வரவேண்டும். வந்ததும் அதில் ஒயரைக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. ஏசிக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு மீட்டர்கூட இல்லை.

"வந்துச்சாவே?"

"வரலியே அண்ணாச்சி," என்றார் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்திருந்த கொத்தனார் தவசிமுத்து.

"எப்படி வரும்? பைப்பு போட்டது ஜெர்வின்லா? குடல் மாதிரி சுத்திச் சுத்திப் போட்டிருப்பான். இந்த ராஜபாளையத்துல ஒரு பயலுக்கு வேலை தெரியாது."

சிவபாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அடுத்தவன் செய்த வேலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது அவருடைய தொழிலறிவில் பாதி. அந்தப் பாதியை வைத்துத்தான், புது வணிக வளாகத்தின் முதல் மாடியில் பல் ஆஸ்பத்திரி தொடங்கவிருந்த டாக்டர் இவாஞ்சலினிடம் பேசி, ஜெர்வினை நடுவில் கழற்றிவிட்டு மிச்ச வேலையைத் தான் பிடித்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குத் திறப்பு விழா.

"ஒரு டீயைக் குடிச்சிட்டு வந்து பாப்போம்."

டீயும் இரண்டு வடையும் ஜெர்வினைப் பற்றிய மேலும் சில உண்மைகளுமாக முக்கால் மணி நேரம் போனது. திரும்பி வந்து ஸ்பிரிங்கை வெளியே உருவப் பார்த்தார். ஒரு முழம் வந்தது. கையை விட்டதும் அந்த ஒரு முழமும் சரசரவென்று உள்ளே போய்விட்டது.

தவசிமுத்துவுக்கு முகம் வெளுத்தது. "அண்ணாச்சி, உள்ளேருந்து யாரோ இழுக்காவ!"

"கோட்டி புடிச்சவன் மாதிரி பேசாதேரும். ஏர் லாக்கு. பைப்புக்குள்ள காத்து அடைச்சிருக்கு."

டாக்டர் இவாஞ்சலின் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, இன்னுமா முடியல? ஏசி மாட்டுறவங்க நாலு மணிக்கு வாராங்க."

"உள்ள பைப்பு நசுங்கிக் கெடக்கு டாக்டரம்மா. லேசா கொத்திப் பாக்கணும்."

"எம்புட்டு?"

"உள்ளங்கை அகலம்."

முந்தாநாள்தான் இளநீலம் அடித்த சுவர். முதல் ஓட்டையில் செங்கல் இருந்தது. இரண்டாவதிலும் அதே. மூன்றாவது ஓட்டைக்குள் சிவபாண்டியின் உள்ளங்கை முறம் அளவுக்கு வளர்ந்திருந்தது.

நாலாவதில் ஒரு பைப் தெரிந்தது.

"இந்தா மாட்டிக்கிட்டான்லா!" என்று சிவபாண்டி ரம்பத்தை எடுத்துத் தன் கையாலேயே அறுத்தார்.

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. முதலில் அவர் மூஞ்சியில்; பிறகு, அன்று காலைதான் உறை பிரித்து வைத்திருந்த நோயாளி நாற்காலியில். மொட்டைமாடிக்கு ஓடி மெயின் வால்வை மூடினார். கீழே சாப்பாட்டுக்கடையில் கைகழுவப் போனவர்கள் சோற்றுக் கையோடு படியேறி வந்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள்.

"கரண்டு பைப்பு போற பாதையில தண்ணி பைப்பு! எவனாவது போடுவானா டாக்டரம்மா?"

டாக்டர் நனைந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஜெர்வினுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுருவமா?"

சிவபாண்டிக்கு உச்சந்தலை சுட்டது. "அவன்கிட்டயா? இருபத்திரண்டு வருச சர்வீசு எனக்கு! இந்த ஸ்பிரிங்கை உருவலேன்னா நான் எலக்ட்ரீசியனே இல்ல!"

விறுவிறுவென்று ஏணியில் ஏறினார். ஸ்பிரிங்கை இடுப்பில் மூன்று சுற்று சுற்றினார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றார் தவசிமுத்து.

"நீரு ஏணியப் புடியும்!"

அவர் குதித்தார். ஒரு கணம் அந்தரத்தில் தொங்கினார். எங்கோ 'டப்' என்று ஏதோ தெறித்தது. ஸ்பிரிங் அவிழ்ந்து வர, சிவபாண்டி செங்கல் குவியல்மேல் மல்லாக்க விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே ஒரு விரலை உயர்த்தினார்.

"பாத்தீங்களா டாக்டரம்மா? ஏர் லாக்கு விட்டுருச்சு! இதெல்லாம் ஜெர்வினுக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது."

அப்போது படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. கட்டடத்துக்குப் பின்னால் தேய்ப்புக்கடை வைத்திருக்கும் வெள்ளைத்தாய், சேறு சொட்டும் வேட்டிகளை மார்போடு அள்ளிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அம்புட்டு வேட்டியும் சகதியில கெடக்கு! ஏசி தண்ணி வடியப் போட்டிருக்க பைப்புலேருந்து நல்ல கம்பி ஒண்ணு சும்மா நீட்டிக்கிட்டு வருதேன்னு, இழுத்து என் கடைச் சன்னல்ல கட்டித் துணி காயப்போட்டேன். ஏலே, மேலேருந்து என் கொடியப் புடிச்சு இந்த இழு இழுக்கது எவம்லே?"